சிவப்புக் கைப்பிடி

ஓஸ்லோவின் புருசெத் பகுதியில் இன்னும் சில பேருக்கு நான் ‘எரிமலையிலை பட்டம் விட்ட பிள்ளை’தான். தமிழ்க் கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் அந்தப் பேச்சு கேட்கும். அவர்கள் சொல்வது பிழையில்லை. பெரிய பட்டம் ஒன்றை இடுப்போடு பூட்டிக்கொண்டு, காற்று அதை இழுக்கும் இழுவையில் பனிச்சறுக்குக் கட்டைகளோடு மலை ஏறுகிற விளையாட்டு அது. நான் ஏறப்போன மலை ஐஸ்லாந்தில் இருக்கும் ஹெக்லா. இன்னும் அணையாத எரிமலை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஏன் போனாய் என்றும், எவ்வளவு நோவு என்றும் கேட்டார்கள். அப்பா மட்டும் வேறொன்று கேட்டார். அதற்கு நான் ஒரு பொய் சொன்னேன். அந்த மருத்துவமனை நாட்களை எழுதுவதென்றால் அந்தப் பொய்யையும் எழுதத்தான் வேண்டும். என் உடம்பில் உடைந்தவற்றையெல்லாம் வைத்தியர்கள் பொருத்திவிட்டார்கள். பொய்யால் உடைந்ததை அவர்களிடம் காட்ட வழியிருக்கவில்லை.

அது 2006ஆம் ஆண்டு. எனக்கு இருபத்தெட்டு வயது. ஓஸ்லோவில் கார் ஓட்டப் பழக்கும் பள்ளி ஒன்றில் வேலை செய்தேன். பழகுபவர் தடுமாறினால் பக்கத்து இருக்கையில் எனக்கென்று இருக்கும் பிரேக்கை மிதிப்பதுதான் அந்தத் தொழிலில் பாதி. தம்பி குகனுக்கு இருபத்துநான்கு, மின்வேலை செய்பவன். அப்பா நகரப் பேருந்து ஓட்டினார். அம்மாவுக்கு முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. திருகோணமலையிலிருந்து வந்தபோது எனக்கு ஆறு வயது, குகனுக்கு இரண்டு.

பனிப்பட்டம் முதலில் குகனின் பைத்தியம். வேலையிடத்து நோர்வேக்காரர்களோடு மலைவெளிக்குப் போய்ப் பழகினான். பிறகு என்னையும் கூட்டிப் போனான். மூன்று குளிர்காலத்தில் நான் அவனைவிட வேகமாகப் போகத் தொடங்கினேன். அவன் கவனக்காரன், எனக்குக் கவனம் போதாது.

ஹெக்லாவுக்குப் போகப்போகிறோம் என்றதும் அப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

“செல்லடிக்குள்ளாலை உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது, நெருப்பு மலையிலை கொண்டுபோய்ப் போடுறதுக்கோ?”

“அது இப்ப வெடிக்காது அப்பா” என்றேன்.

“அது உனக்குக் கடிதம் போட்டதோ?”

ஏப்ரல் கடைசியில் போனோம். எங்களை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கிய ஐஸ்லாந்துக்காரர், ஹெக்லா வெடிக்கப்போகிறதென்றால் அது தரும் அவகாசம் மிகக் கொஞ்சம், கைத்தொலைபேசியை அணைக்காதீர்கள் என்றார். மழை வந்தாலும் வரலாம் என்கிற தொனியில்தான் சொன்னார். முதல் நாள் மாலை குகன் இரண்டு பட்டங்களையும் தங்குவிடுதியின் தரையில் விரித்து, ஒவ்வொரு கயிறாக விரலால் தடவிப் பார்த்தான். பட்டத்தைத் திருப்ப நான் பிடிக்கும் பிடிதண்டில் இருந்த சிவப்புக் கைப்பிடியை மூன்று தரம் இழுத்துப் பார்த்து மறுபடி பூட்டினான். அந்தக் கைப்பிடிதான் எங்கள் பிரேக். இழுத்தால் பட்டம் காற்றை விட்டுவிட்டுத் துணிபோலத் தரையில் விழும்.

“எல்லாம் சரி. காற்று உன்னைத் தூக்கப் பாத்தா யோசிக்காதை, இழு” என்றான்.

ஏறுவது இனிமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். வலமும் இடமுமாக வெட்டி வெட்டி ஏறினோம். மேலே போகப் போகப் பனியில் கறுப்புச் சாம்பல் கோடு கோடாகக் கிடந்தது. காற்று பனியைச் சுரண்டிக்கொண்டு போன இடங்களில் எரிமலைக் குழம்பு இறுகிய பாறை, உடைந்த போத்தல் விளிம்புபோல வெளியே நின்றது. உச்சிக்குக் கீழே நிலத்திலிருந்து ஆவி எழும்புவது தெரிந்தது. அதைக் கண்ட பிறகு எனக்கு வேறெதுவும் தெரியவில்லை.

காற்று திரும்பியது. எனக்குக் கீழே நின்ற குகன் தன் பட்டத்தை இறக்கிவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகக் காட்டினான். நிறுத்து, இறக்கு என்பதற்கு எங்களுக்குள் இருந்த சைகை அது. நான் கண்டேன். கண்டும் திரும்பி மேலே பார்த்தேன்.

முதல் வீச்சு என்னை ஆள் உயரத்துக்குத் தூக்கியது. என் வலக்கை சிவப்புக் கைப்பிடியில்தான் இருந்தது. அது நன்றாக நினைவிருக்கிறது. கையுறைக்குள்ளால் அதன் உருண்டை தெரிந்தது. அப்போது இழுத்திருந்தால் பனியில் பொத்தென்று விழுந்து எழும்பியிருப்பேன். இழுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆவி தெரிந்தது, உச்சி தெரிந்தது, கால்கள் காற்றில் இருந்தன. என் வாழ்க்கையில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதுவரை அறிந்ததில்லை. இரண்டு விநாடி இருக்கும். மூன்றாவது விநாடியில் நான் ஒரு வீட்டுக் கூரை உயரத்தில் இருந்தேன். இனி இழுத்தால் விழுந்து செத்துப்போவேன் என்று தெரிந்தது.

பிறகு காற்று என்னைப் பாறையில் அடித்தது.

இடுப்பு உடைந்த சத்தத்தை நான் காதால் கேட்கவில்லை, பல்லால் கேட்டேன். பட்டம் விடவில்லை. தரையோடு தேய்த்து இழுத்தது, தூக்கியது, மறுபடி அடித்தது. கறுப்புப் பாறை மேற்சட்டையைக் கிழித்து, தோலைக் கிழித்து, இடது காலை ஒரு வெடிப்புக்குள் செருகி முறுக்கிப் பிடுங்கியது. வாய்க்குள் சாம்பலும் இரத்தமும். மூன்றாவது தரம் தூக்கப் பார்த்தபோது குகன் ஓடிவந்து கயிறுகளின் மேல் விழுந்தான். மெல்லிய கயிறு, ஆனால் ஒரு காரைத் தாங்கும். அது அவன் வலக்கைக் கையுறையை அறுத்து, இரண்டு விரல்களை எலும்பு வரை அறுத்தது. அவன் விடவில்லை. இடக்கையால் கத்தியை எடுத்துக் கயிறுகளை ஒவ்வொன்றாக வெட்டினான். கடைசிக் கயிறு அறுந்ததும் பட்டம் எரிமலையைத் தாண்டிப் பறந்துபோனது.

“அக்கா, கண்ணை மூடாதை. என்னைப் பார். அக்கா!”

அவன் கையிலிருந்து என் முகத்தில் இரத்தம் சொட்டியது. அது சூடாக இருந்தது. அதோடு என் நினைவு முடிகிறது.

அதற்குப் பிறகு நடந்தவை மற்றவர்கள் சொல்லித் தெரிந்தவை. மீட்புக்காரர்கள் வந்தது, ஹெலிகொப்டர், ரெய்க்யாவிக்கில் நடந்த முதல் சத்திரசிகிச்சை, மூன்றாம் நாள் நோயாளர் விமானத்தில் ஓஸ்லோ. என்னை மருந்தால் தூங்க வைத்திருந்தார்கள். இடுப்பெலும்பு ஒரு வளையம். அது மூன்று இடத்தில் உடைந்திருந்தது. உடைந்த வளையத்துக்குள் இரத்தம் கொட்டிக்கொண்டே இருக்கும் என்பதால் வெளியிலிருந்து இரும்புக் கம்பிகளை எலும்புக்குள் முடுக்கி, வயிற்றுக்கு மேலே குறுக்குத் தண்டு போட்டுப் பூட்டியிருந்தார்கள். பார்த்தால் சைக்கிள் ஹாண்டிலை வயிற்றில் நட்டதுபோல. மண்ணீரல் சிதறியிருந்ததால் எடுத்துவிட்டார்கள். விலா எலும்பு குத்தி இடது நுரையீரலில் காற்று ஒழுகியது. அதை வெளியேற்ற விலாவுக்கிடையே ஒரு குழாய்.

காலுக்கு நடந்ததுதான் எல்லாவற்றிலும் மோசம். கெண்டைத் தசை ஒரு இறுக்கமான உறைக்குள் இருக்கிறது. நசிந்த தசை வீங்கும்போது உறை விரியாது. உள்ளே அமுக்கம் ஏறி இரத்த ஓட்டம் நின்று, தசை தன்னையே நெரித்துக் கொல்லும். அதைத் தடுக்க முழங்காலிலிருந்து கணுக்கால் வரை இரண்டு பக்கமும் காலைக் கிழித்துத் திறந்து விட்டார்கள். திறந்தபடியே விட வேண்டும். தைக்கக் கூடாது. மேலே கடற்பஞ்சு போன்ற ஒன்றை வைத்து, ஒரு இயந்திரம் அதனூடாகக் காயத்தில் ஊறும் நீரை இருபத்துநான்கு மணித்தியாலமும் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் மூச்சுக்காகப் போட்டிருந்த தொண்டைக் குழாயை எடுத்தார்கள். என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பினார்கள் என்றுதான் குடும்பத்துக்குச் சொன்னார்களாம். நான் எழும்பவில்லை. வேறெங்கோ விழுந்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்களுக்கு மருந்தும் காய்ச்சலும் தூக்கமில்லாமையும் சேர்ந்து மூளையைக் குழப்பிவிடும். டெலிரியம் என்பார்கள். பைத்தியம் இல்லை, சில நாளில் தெளியும். ஆனால் உள்ளே இருப்பவருக்கு அது தெரியாது. கட்டில் மேலே எழும்பியது. கூரை மின்விளக்குகள் பாறைகளாக இருந்தன. என்னை அவற்றில் அடிக்கப்போகிறார்கள். என்னைப் பூட்டியிருந்த எல்லாவற்றையும் அறுத்தால் தப்பலாம். கழுத்து நாளத்தில் செருகியிருந்த குழாயைப் பிடுங்கி எறிந்தேன். தலையணையும் சுவரும் இரத்தம். என் கைகளைப் பிடிக்கக் குனிந்த தாதியின் முகத்தில் முழங்கையால் அடித்தேன். அவள் மூக்கு உடைந்தது கேட்டது. அவள் பெயர் மரீத். மூக்கிலிருந்து இரத்தம் ஒழுக ஒழுக, ஒரு கையால் என் கழுத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் உதவி மணியை அடித்தாளாம். நான் அவள் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தேனாம்.

இரண்டு நாள் அப்படி. மூன்றாம் நாள் காலையில் யன்னல் யன்னலாகத் தெரிந்தது. அம்மா தலைமாட்டில் நின்று என் தலையைச் சீவிக்கொண்டிருந்தா. ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பில் கறுப்பு மணல் வந்தது. எத்தனையோ தரம் கழுவியும் போகாத எரிமலைத் தூள். அம்மா அதைத் தாளில் தட்டித் தட்டி எடுத்தா.

“இன்னும் எத்தினை நாளைக்கு வரப்போகுதோ இந்தச் சனியன்” என்றா. பிறகு நான் அவவைப் பார்ப்பதைக் கண்டு சீப்பைக் கீழே போட்டா. “பிள்ளை! என்னைத் தெரியுதோ?”

“தெரியுது அம்மா.”

அம்மா அழவில்லை. என் வாயைத் திறந்து பார்த்து, “உதடெல்லாம் வெடிச்சுப் போச்சு” என்று சொல்லி, பஞ்சை நனைத்து ஒற்றினா.

பின்னேரம் அப்பா பேருந்துக்காரச் சீருடையோடு வந்தார். தினமும் அப்படித்தான் வேலை முடிந்த கையோடு வருவாராம். கட்டிலின் அருகே இருக்கும் திரையில் இதயத் துடிப்பையும் இரத்த அமுக்கத்தையும், பேருந்தின் முன்தட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பாராம். குகனும் வந்திருந்தான். வலக்கை முழங்கை வரை வெள்ளைக் கட்டு. ஒரு விரலின் தசைநாணைத் தைத்தும் சரிவரவில்லை, அது இனி மடங்காது என்று பிறகுதான் அறிந்தேன்.

அப்பா கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

“மகள், ஒண்டே ஒண்டு கேக்கிறன். அந்தச் சிவப்புப் பிடியை ஏன் இழுக்கேல்லை?”

அவருக்குப் பின்னால் குகன் நின்றான். என்னைப் பார்க்கவில்லை.

உண்மையைச் சொல்ல எனக்கு மூச்சு இருந்தது. ஆனால் அந்த உண்மை எப்படிப்பட்டது என்று பாருங்கள். அம்மா இத்தனை நாளும் என் கட்டிலருகே நிலத்தில் படுத்திருக்கிறா. அப்பாவின் கண்கள் உள்ளே போய்விட்டன. அவர்களிடம், எனக்கு அந்த நேரம் சந்தோஷமாக இருந்தது, அதனால் இழுக்கவில்லை என்று சொல்வதா?

“இழுத்தனான் அப்பா. இறுகிப் போச்சு. வரேல்லை” என்றேன்.

அப்பா மெல்லத் திரும்பிக் குகனைப் பார்த்தார். “ஆர் பாத்துப் பூட்டினது?”

“நான்தான்” என்றான் குகன்.

அன்று அவ்வளவுதான். சில நாள் கழித்துப் பயணக் காப்புறுதிப் படிவம் வந்தது. விபத்து எப்படி நடந்தது என்று எழுத வேண்டும். எனக்கு இன்னும் பேனை பிடிக்க வராததால் குகன் எழுதினான். அவனுக்கும் வலக்கை கட்டுக்குள். இடக்கையால், முதலாம் வகுப்புப் பிள்ளைபோல எழுத்து எழுத்தாக. அந்த இடம் வந்ததும் பேனையை நிறுத்தினான்.

“இறுகிப் போச்சு எண்டே எழுதட்டோ?”

“எழுது.”

எழுதினான்.

பிறகு கால் அழுகத் தொடங்கியது. பிரிவு மாற்றி, சாதாரண வாட்டுக்குக் கொண்டுவந்து மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறியது. கட்டில் கிடுகிடுவென்று ஆடும் குளிர். திறந்து கிடந்த தசையில் கிருமி புகுந்திருந்தது. கிருமி காலோடு நின்றால் பரவாயில்லை. இரத்தத்தில் கலந்து முழு உடம்பும் அதை எதிர்த்துக் கொந்தளித்தால் அமுக்கம் விழுந்து ஆளைக் கொண்டுபோய்விடும். இரண்டு தரம் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுபோய்ச் செத்த தசையை வெட்டி எடுத்தார்கள். கட்டு மாற்றும்போது நான் போட்ட சத்தம் மின்தூக்கி வரை கேட்டதென்று அம்மா சொன்னா. ஒருநாள் தலையை உயர்த்தி அந்தக் காலைப் பார்த்துவிட்டேன். இறைச்சிக் கடையில் தொங்குவதற்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கவில்லை. நடுவில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அதை வெட்டி எறியுங்கள் என்று நானே கத்தினேன்.

வைத்தியர் அப்பாவையும் குகனையும் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டு, நாளை மறுபடி திறந்து பார்ப்போம், தசை இன்னும் செத்துக்கொண்டு போனால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்று சொன்னார். என்னிடம் காலையிலேயே சொல்லியிருந்தார்.

அறையை விட்டு வெளியே வந்த இடத்திலேயே அப்பா குகனை அடிக்கத் தொடங்கினார்.

என் வாட்டுக் கதவு திறந்திருந்தது. கோப்பி இயந்திரத்தின் பக்கத்தில் அது நடந்தது. முதல் அறை கன்னத்தில். அந்தச் சத்தத்துக்கு விறாந்தை முழுக்க அமைதியானது. பிறகு மூடிய கைமுட்டியால்.

“நீ பாத்துப் பூட்டினதுதானேடா! அவளின்ர கால் போகப்போகுது! மூண்டு தரம் பாத்தனான் எண்டு சொன்னனியே, என்னத்தைப் பாத்தனீ?”

குகன் அப்பாவைவிட உயரம், பலம். ஒரு தள்ளுத் தள்ளியிருந்தால் அப்பா விழுந்திருப்பார். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோடு நின்றான். அப்பா அவன் தலையைப் பிடித்துச் சுவரில் இடித்தார். காகிதக் கோப்பைகள் கொட்டுப்பட்டு உருண்டன. யாரோ ஒரு நோயாளி நோர்வேஜியனில் நிறுத்தச் சொல்லிக் கூவினார். அம்மா கையிலிருந்த சீப்போடு ஓடினா. வெள்ளைச் சப்பாத்துகள் ஓடும் சத்தம். பிறகு காவலர்கள் இரண்டு பேர் வந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்குக் குரல் இருந்தது. கட்டு மாற்றும்போது மின்தூக்கி வரை கேட்ட குரல். ‘அப்பா, அவனில் பிழையில்லை’ என்று ஒரு வசனம் கத்தினால் போதும். நான் கண்ணை மூடினேன். தூங்குகிற ஆளைப்போல மூச்சு விட்டேன். அந்த நாட்களில் எனக்கு நடந்தவற்றில் இதை எழுதத்தான் கை கூசுகிறது.

உதடு கிழிந்த குகனிடம், முறைப்பாடு கொடுக்கப்போகிறாயா என்று காவலர் கேட்டது எனக்குக் கேட்டது.

“இல்லை. நான் வழுக்கி விழுந்திட்டன்” என்று நோர்வேஜியனில் சொன்னான்.

மறுநாள் என் காலைத் திறந்து பார்த்தபோது அழுகல் நின்றிருந்தது. கெண்டைத் தசையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் சீவி ஒட்டினார்கள். கால் தப்பியது. பாதத்தை மேலே தூக்கும் நரம்பு செத்துவிட்டதால் பாதம் தொங்கும். அதற்கு ஒரு பிளாஸ்திக் தாங்கி போட்டு நடக்கலாம் என்றார்கள். செய்தியை அம்மா சொன்னபோது குகன் எங்கே என்று கேட்டேன்.

“அவன் வடக்கே போறானாம். ஹம்மர்பெஸ்ட். அங்கை எரிவாயு ஆலை கட்டுற இடத்திலை ஆள் எடுக்கினமாம்” என்றா அம்மா. “அந்தக் கையோடை கம்பி வேலை ஏலாது. சாமான் அறையிலை நிக்கிற வேலையாம். உன்னட்டைச் சொல்லச் சொன்னவன்.”

அவன் எனக்கு நேரில் சொல்லிவிட்டுப் போகவில்லை.

யூன் மாதம் என்னை நகரத்துக்கு வெளியே ஒரு புனர்வாழ்வு இல்லத்துக்கு மாற்றினார்கள். அங்கே இரண்டு சமாந்தரக் கம்பிகளுக்கிடையில் நிற்கப் பழகினேன். முதல் நாள் எட்டு விநாடி. ஒவ்வொரு நாளும் விழுந்தேன், தூக்கி நிறுத்தினார்கள், வியர்வையில் நனைந்து வாந்தி எடுத்தேன். பயிற்சி தருபவரைத் தூஷணத்தால் திட்டினேன்; தமிழில் திட்டியதால் அவர் தலையாட்டிச் சிரித்தார்.

செப்டெம்பரில் மரீத் வந்தாள். மூக்கில் ஒரு சின்ன வளைவு இருந்தது. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினாள். “எனக்கு முந்தியே இந்த மூக்கில் விருப்பமில்லை” என்று சொல்லி, ஒரு நீலக் கொப்பியைத் தந்தாள்.

தீவிர சிகிச்சையில் நினைவில்லாமல் கிடக்கும் நோயாளிக்காகத் தாதிகள் நாட்குறிப்பு எழுதுவார்கள். தொலைந்துபோன நாட்களில் என்ன நடந்ததென்று பிறகு அவர் அறிய வேண்டுமல்லவா. ‘இன்று உன் அம்மா உனக்குப் பாடினா’, ‘இன்று காய்ச்சல் குறைந்தது’ என்று சின்னச் சின்னக் குறிப்புகள். மரீத் போனபின் யன்னலோரம் இருந்து வாசித்தேன். பத்தாம் நாள் பக்கத்தில் இப்படி இருந்தது:

‘இன்று நீ மிகவும் பயந்துபோயிருந்தாய். ஒரே சொல்லைப் பல தரம் கத்தினாய்.’ அந்தச் சொல்லைத் தன் காதில் விழுந்தபடி நோர்வேஜிய எழுத்தில் எழுதியிருந்தாள். உதட்டை அசைத்து வாசித்தேன். *இழுக்கேல்லை*. ‘உன் தம்பி இங்கே இருந்தார். அதன் அர்த்தம் என்ன, நாங்கள் உனக்கு என்ன செய்யலாம் என்று அவரிடம் கேட்டேன். அவர் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, நோகுது என்று சொல்கிறா என்றார். அதனால் உனக்கு நோ மருந்தைக் கூட்டினோம்.’

நான் இழுக்கவில்லை என்று என் வாயாலேயே அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் அப்பாவுக்கு முன்னால் ‘நான்தான்’ என்றான். அதற்குப் பிறகுதான் இடக்கையால் என் பொய்யை எழுதினான். சுவரில் தலை மோதியபோதும் அவனுக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு அப்பா வந்தபோது நான் சாப்பாட்டு அறையில் இருந்தேன். என் காலுக்குத் தாங்கி பூட்டுவது எப்போதும் அவர்தான். நிலத்தில் முழங்காலை ஊன்றி, பட்டியை ஒவ்வொன்றாக இழுத்துப் பூட்டுவார். இரண்டாவது பட்டியில் கை இருக்கும்போது சொன்னேன்.

“அப்பா, அந்தக் கைப்பிடி இறுகேல்லை. நான்தான் இழுக்கேல்லை. குகன் நிப்பாட்டச் சொன்னவன், நான் கேக்கேல்லை. அவனிலை ஒரு பிழையும் இல்லை.”

அவர் தலை நிமிரவில்லை. பட்டியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போயின.

“எப்ப இருந்து இது உனக்குத் தெரியும்?”

“தொடக்கத்திலை இருந்தே.”

அவர் எழும்பினார். கை உயர்ந்தது. சாப்பாட்டு அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் முகத்தைக் கொடுத்துக்கொண்டு இருந்தேன்.

“அடியுங்கோ அப்பா” என்றேன்.

கை அப்படியே நின்றது. “உனக்கு அடிச்சா?” என்றார். குரல் கிழிந்து வந்தது. “உனக்கு அடிச்சா அவனுக்கு அடிச்சது இல்லையெண்டு ஆகுமோ? அத்தினை சனத்துக்கு முன்னாலை, கையிலை கட்டோடை நிண்ட பிள்ளையை...”

மேற்சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பட்டி பாதி பூட்டியபடி தொங்கியது.

மூன்றாம் நாள் தொலைபேசி அடித்தது. நாலு மாதத்துக்குப் பிறகு குகனின் குரல்.

“அப்பா இஞ்சை ஹம்மர்பெஸ்டிலை, என்ர வீட்டுக்குக் கீழை றோட்டிலை நிக்கிறார். ஒரு மணித்தியாலமா நிக்கிறார். கதவு மணி அடிக்காமல் நிக்கிறார். நீ என்ன சொன்னனீ?”

“உண்மையைச் சொல்லிட்டன்.”

காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. யன்னலைத் திறந்து வைத்திருந்தான் போல.

“உனக்கு முதலே தெரியும். மரீத்தின்ர கொப்பியை வாசிச்சனான்” என்றேன். “ஏன்டா அப்பாவுக்குச் சொல்லேல்லை?”

“அண்டைக்கு அப்பாவுக்கு ஆரையாவது அடிக்கவேண்டிக் கிடந்தது” என்றான். “உன்ர உடம்பிலை அடிக்க இடம் இருக்கேல்லை.”

நான் அழுதேன். அவன் நிறுத்தச் சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. நான் ஓயும்வரை பொறுத்திருந்தான்.

“அக்கா, நீ இழுக்காததிலை எனக்குக் கோபமில்லை. அந்த இடத்திலை நானும் இழுத்திருப்பனோ தெரியாது. அப்பா அடிச்சதும் ஆறிட்டுது. ஆனா உன்ர கதவு திறந்து கிடந்தது. நீ முழிப்பு. நான் உன்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். நீ கண்ணை மூடினதைக் கண்டனான்.”

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிப் பிடித்தேன்.

“அப்பாவை மேலை கூட்டிவரப் போறன். அவருக்குக் குளிரும். நீ இஞ்சை வராதை, சரியோ? இப்ப வராதை.”

காப்புறுதிக்காரருக்கு அடுத்த கிழமை உண்மையை எழுதி அனுப்பினேன். நவம்பரில் இரண்டு ஊன்றுகோலோடு வீட்டுக்குப் போனேன், பெப்ரவரியில் ஒன்று. கார் பழக்கும் வேலைக்குத் திரும்பினேன். நல்லவேளை, எனக்குப் பிரேக் மிதிக்க வலது கால் போதும். அப்பா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வடக்கே போய்வந்தார். என்ன கதைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒருமுறை மட்டும், “அவன் நல்லாச் சமைக்கிறான்” என்றார்.

அடுத்த கோடையில், முன்னறிவிப்பு ஒன்றும் இல்லாமல் குகன் புருசெத் வீட்டுக்கு வந்தான். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். கதவைத் திறந்த நான் நொண்டி நொண்டிப் பின்னால் நகர்ந்தேன். அவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பையை வைத்துவிட்டு, சோபாவில் எனக்குப் பக்கத்தில் அமர்ந்தான்.

“காலைக் காட்டு” என்றான்.

காற்சட்டையை உயர்த்தித் தாங்கியைக் கழற்றினேன். தசையில்லாத இடத்தில் கால் உட்குழிந்து, ஒட்டிய தோல் வலைபோல மினுங்கியது. இரண்டு நீளத் தழும்பையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தான். பிறகு வலக்கையை வைத்து அமுக்கினான். மற்ற விரல்கள் மடங்கின, ஒன்று நீட்டியபடி நின்றது.

“நோகுதோ?”

“அதிலை உணர்ச்சி இல்லை.”

கையைக் கொஞ்சம் மேலே நகர்த்தி, முன்னையிலும் பலமாக அமுக்கினான். “இப்ப?”

“இல்லை.”

இன்னும் மேலே, முழங்காலுக்குக் கீழே, தழும்பு தொடங்கும் இடத்தில் பெருவிரலை ஊன்றி அழுத்தினான். அழுத்திக்கொண்டே என் முகத்தைப் பார்த்தான். நோவு எலும்புக்குள்ளால் இடுப்பு வரை பாய்ந்தது. என் கண்ணில் நீர் முட்டியது. நான் கண்ணை மூடவில்லை.

“நோகுது” என்றேன்.

அவன் உடனே கையை எடுக்கவில்லை. எடு என்று நானும் சொல்லவில்லை.